ஒரு அங்குலப் பச்சை: ஒரு தோட்டப் பாடசாலை மைதானத்தில் புல் ஏன் செத்தது

2023 ஆனி மாதம் எடுத்த படங்கள் இன்னும் என் போனில் கிடக்கின்றன. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரும் ஒரு தோட்டத்துப் பாடசாலை, அதன் மைதானம், பின்னால் தேயிலை மலை, மேலே மூடுபனி. மைதானம் முழுக்க வெளிறாத பச்சை. அதிபர் நாடா வெட்டுகிறார், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள், நான் ஓரமாக நின்று பெருமையோடு சிரிக்கிறேன். எட்டு மாதம் கழித்து, 2024 மாசியில், அதே இடம் காய்ந்த வைக்கோல். காலால் எத்தினால் பாய் சுருள்வது மாதிரி சுருண்டு வந்தது.

இதை எழுத முதல் காரணம், அந்த மைதானத்துக்கு அடியில் மணல் போடச் சொன்னது நான்தான்.

நான் தோட்டத்தில் பிறந்து விவசாய பீடத்தில் படித்தவள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வெளிக்களத்துக்குக் கூட்டிப்போகும் வேலை. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் தோட்டம் என்பதெல்லாம் வேண்டாம், கதைக்கு அது தேவையும் இல்லை. நம் நாட்டில் புல்தரை என்பது தோட்டக்கலை, நில அலங்காரப் பாடங்களுக்குள் ஒரு ஓரமாகத்தான் வரும். உதாரணங்கள் எல்லாம் கோல்ஃப் மைதானமும் சர்வதேச கிரிக்கெட் மைதானமும்தான். மலையகத்துக்கு அது அந்நியமும் இல்லை: நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் தொடங்கியது, ரதெல்லயில் துரைமார் கிரிக்கெட் ஆடிய மைதானம் இன்னும் இருக்கிறது, பல்லேகலை சர்வதேச கிரிக்கெட் மைதானம் 2009இல் திறந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் ஓடுகிற மைதானத்தைப் பற்றி ஒரு வகுப்பிலும் ஒருவரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

சரி, மைதானத்துக்கு வருவோம். ஒரு ஏக்கர் இருக்கும். மலைச்சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் தள்ளிச் சமப்படுத்தியது. மலையகத்தில் நிறையத் தோட்ட மைதானங்கள் இப்படித்தான். வெட்டிய பக்கத்தில் மேல்மண் போய்விட்டது, உள்ளே இருந்த சிவப்புக் களிதான் இப்போது மேலே. நிரப்பிய பக்கத்தில் கல்லும் வேரும் கலந்த மண். அதன்மேல் காலைக்கூட்டம், தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டி, தேர்தல் காலத்தில் கூட்டம், திருவிழாவுக்கு லொறி. இத்தனை வருடம் மிதிபட்ட மண்ணில் ஸ்குரூ டிரைவரைக் குத்தினால் அரை அங்குலம்கூட இறங்காது. இந்த ஸ்குரூ டிரைவர்தான் உலகத்திலேயே மலிவான மண் பரிசோதனைக் கருவி. கையால் அழுத்தி முழுசாக இறங்கினால் வேரும் இறங்கும், அவ்வளவுதான்.

எங்கள் முதல் திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. மழைக்குத் தண்ணீர் நிற்கிறது, ஆகவே இரண்டு அங்குலம் ஆற்று மணல். அதன்மேல் கீழ்நாட்டிலிருந்து மலேசியன் புல், சதுரம் சதுரமாக வெட்டிய பத்தைகளாக, லொறியில். அந்தப் பத்தைகள் வயல் சேற்றில் வளர்த்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு அங்குலம் கறுத்த, வழுவழுப்பான வயல் மண் ஒட்டியிருந்தது. நல்ல மண் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். சித்திரை மழையோடு பதித்து முடித்தோம், வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டது, புல் ஜம்மென்று நின்றது.

அப்போதே ஒரு அறிகுறி இருந்தது, நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை. மணல் போட்டும் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் ஓடினால் கால் தடம் அரை நாள் அப்படியே இருந்தது, தடத்துக்குள் தண்ணீர் ஊறியது. “மழை கூட, அதான்” என்று அதிபரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். படித்த பிள்ளை சொல்கிறதே.

மார்கழி முடிந்து மழை விட்டதும் மஞ்சள் தொடங்கியது. ஆளுக்கொரு காரணம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியே கை காய்ப்பு ஏறியவர், ஆட்டு மூத்திரம் என்றார். விளையாட்டு ஆசிரியர் வெண்புழு என்றார். என் மாணவன் ஒருவன் டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சண நோய் என்று படத்தோடு வந்தான், படமும் கொஞ்சம் ஒத்துத்தான் இருந்தது. நான் குளிர் என்றேன். மலேசியன் புல் வெயில் நாட்டுப் புல், இரவு பத்துப் பாகைக்குக் கிட்ட இறங்கினால் வளர்ச்சி நிற்கும், ஆகவே குளிர். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துச் சுவரோரம், யாருமே நடாத புல், அதே இரவுக் குளிரில் பச்சையாக நின்றதற்கு என்னிடம் பதில் இல்லை. பூச்சி தேடினோம், சதுர அடிக்கு ஒரு புழுகூட அகப்படவில்லை. யூரியா கொஞ்சம் போட்டுப் பார்த்தோம், இன்னும் எரிந்தது. (2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது ஒரு பிடி யூரியாவுக்குத் தவித்த தோட்டம் இது. அதை இப்படி வீணாக்கியதற்குத் தாத்தா என்னைப் பார்த்த பார்வை தனிக்கதை.)

காரணத்தைக் கண்டுபிடித்தது யாருடைய மூளையும் இல்லை. கரப்பந்துக் கம்பம் நட்டுவதற்கு இரண்டு பெடியன்கள் அலவாங்கால் குழி தோண்டினார்கள். முழங்கால் ஆழம். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். குழியின் சுவரில் கோடு போட்டது மாதிரி மூன்று நிறம்: மேலே விரல் கணு அளவுக்குக் கறுப்பு, அடுத்து இரண்டு அங்குலம் வெளிர் மஞ்சள் மணல், அதற்குக் கீழே கட்டிச் சிவப்பு. வேர் எல்லாம் கறுப்புக்குள்தான். கறுப்பு முடிகிற இடத்தில் வேர்கள் பக்கவாட்டில் திரும்பி, ஒன்றோடொன்று பின்னி, பாய் முடைந்த மாதிரி கிடந்தன. ஒரு வேர், ஒரே ஒரு வேர்கூட மணலுக்குள் இறங்கவில்லை. பத்து மாதம்!

குழிக்குள் குந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

விஷயம் இதுதான். பத்தையோடு வந்த கறுத்த வயல் மண்ணும் ஒரு களிதான். களி மண்ணின் துளைகள் மிகச் சிறியவை, தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மணலின் துளைகள் பெரியவை. களிக்குக் கீழே மணல் இருந்தால் தண்ணீர் கடகடவென்று வடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம், நானும் நினைத்தேன். நடப்பது நேர்மாறு. மேலே இருக்கிற களி கிட்டத்தட்ட முழுசாக நிறைந்து வழியும் வரைக்கும் ஒரு சொட்டைக் கீழே விடாது. கொடியில் ஈரத்துணி காயப்போட்டால் தெரியும்: சேலையின் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், கீழ்க்கரையில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதே கொடியில் கைக்குட்டையைப் போட்டால்? மேல் என்ன, கீழ் என்ன, முழுசுமே கீழ்க்கரைதான், முழுசும் சொதசொதவென்று இருக்கும். ஆனால் வெயில் அடித்தால் முதலில் காய்வதும் கைக்குட்டைதான், அதனிடம் இருந்த தண்ணீரே அவ்வளவுதானே.

வேடிக்கை என்னவென்றால், கோல்ஃப் மைதானங்களில் இதையே காசு கொட்டி வேண்டுமென்று செய்கிறார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் புல்லுக்கென்று 1920இல் ஒரு பிரிவே தொடங்கி, பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்து, 1960இல் ஒரு அமைப்பை வெளியிட்டது: அடியில் நான்கு அங்குலம் சரளை, மேலே பன்னிரண்டு அங்குலம் மணல் கலவை. சரளைக்குள் தண்ணீர் உடனே இறங்காமல் மணலின் அடியில் தொங்கி நிற்கும். மழை பெய்தால் மேற்பகுதி காய்ந்து விளையாடத் தயார், வெயில் அடித்தால் அடியில் தண்ணீர் சேமிப்பு. அது சேலை. நாங்கள் செய்தது கைக்குட்டை. பருவமழையில் மூழ்கிக் கிடந்தது, தினமும் மழை பெய்ததால் புல்லும் பிழைத்தது. மழை விட்டதும் ஒரு அங்குல மண்ணின் ஈரம் மூன்றாம் நாளே தீர்ந்தது. குளிருமில்லை, பூச்சியுமில்லை. சட்டியில் வைத்த செடிக்கு ஒரு கிழமை தண்ணீர் ஊற்றாவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் ஒரு ஏக்கருக்கு நடந்தது.

இனி ஆராய்ச்சிப் பகுதி. பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, கடைசி வருட மாணவர்களும் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளும் சேர்ந்து போட்ட ஒன்பது கட்டங்கள். மூன்று விதமான செய்முறை, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம், எது எங்கே என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். முதலாவது, இருக்கிறபடியே விடுவது. இரண்டாவது, ஒரு சாண் இடைவெளியில் அலவாங்கால் எட்டு அங்குலம் குத்தி, மூன்று அடுக்கையும் துளைத்து, துளைக்குள் மக்கிய சாணமும் மண்ணும் நிரப்புவது. மூன்றாவது, பத்தையைத் தூக்கி, மணலைச் சுரண்டி எடுத்து, கீழ்க்களியை மம்பட்டியால் ஆறு அங்குலம் கொத்தி, மாட்டெருவும், மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளும் கலந்து, திரும்ப நடுவது. மண்ணின் பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் அளவு, 4.7 இருந்தது. தேயிலைக்கு அது சொர்க்கம், புல்லுக்கு அவ்வளவு பிடிக்காது. டொலமைட் தோட்டத்துக்குப் புதிதல்ல, கவ்வாத்துக்குப் பிறகு மலைக்குப் போடுவதுதான், ஸ்டோரில் இருந்தது.

ஏன் மணலையும் சேர்த்தே கொத்தவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் மாணவி ஒருத்தி தடுத்தாள். களிக்குள் கொஞ்ச மணல் கலந்தால் மண் இளகாது, செங்கல் ஆகும். மணல் வேலை செய்ய வேண்டுமென்றால் மண்ணில் பெரும்பகுதி மணலாக இருக்க வேண்டும், அதற்கு எங்களிடம் ஏது காசு. எடுத்த மணல் கடைசியில் அதற்குரிய இடத்துக்குப் போனது: தண்ணீர் தேங்கும் பக்கத்தில் ஒடுக்கமாகக் கான் வெட்டி, சரிவு ஓரம்வரை கொண்டுபோய், அதற்குள் மணலை மட்டத்துக்கு நிரப்பினோம். கான் வெட்டுவதைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வாட்டம் பிடிக்க நாங்கள் நீர்மட்டக் குழாயோடு வருவதற்குள் தாத்தா கண்ணாலேயே பார்த்துக் கயிறு கட்டிவிட்டார்.

நடும்போது பத்தையின் அடியிலிருந்த வயல் மண்ணைக் கழுவ வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பழைய கதைதான். பீலிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்று புல்லைக் கழுவினார்கள். துணி துவைக்க வந்த அக்கா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன் மிஸ், சோப்பு வேணுமா?” என்று கேட்டார். கழுவிய வேர் வெள்ளை நூல் மாதிரி தொங்கியது. அதை அப்படியே கொத்திய மண்ணில் வைத்து மிதித்தோம்.

எந்தப் புல் என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. வெயில் நாடுகளில் ஃபுட்போல், கிரிக்கெட், கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா புல் என்று பெருமையாகச் சொல்வது நம் அருகம்புல்தான், பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே இனம். அமெரிக்காவின் டிஃப்டனில் க்ளென் பர்ட்டன் அதை ஆப்பிரிக்க இனம் ஒன்றோடு கலந்து 1960இல் டிஃப்வே 419 என்று வெளியிட்டார். அது முளைக்கும் விதை தராது, தண்டை வெட்டித்தான் நட வேண்டும். பள்ளிக்கூடச் சுவரோரம் குளிரிலும் பச்சையாக நின்றது என்று சொன்னேனே, அதில் பாதி சாதாரண அருகு, மீதி அகல இலைக் கார்பெட் புல், நாங்கள் லொறியில் கொண்டுவந்த மலேசியன் புல்லின் சொந்தக்காரன். ஆகவே மூன்றாவது முறைக் கட்டங்களில் பாதிக்கு அருகும் பாதிக்குக் கழுவிய மலேசியனும். ஒரு மாணவன் அம்பேவெல பக்கத்திலிருந்து கிக்குயு புல் ஒரு பை கொண்டுவந்தான். கிழக்கு ஆப்பிரிக்க மலைப்புல், மாட்டுக்கு நல்ல தீனி, எங்கள் குளிருக்கு வெறிபிடித்த மாதிரி வளரும். அதுதான் பயம். மண்ணுக்கு மேலும் கீழும் ஓடுகிற தண்டு, மைதானத்தை ஒட்டித் தேயிலை. மலைக்குள் இறங்கினால் யார் பிடுங்குவது? பையோடு திருப்பி அனுப்பினோம், அவனுக்குக் கொஞ்சம் கோபம்.

புள்ளி போடுவது எங்கள் எல்லோருக்கும் ஒரு பாடமாக இருந்தது. அமெரிக்காவில் புல் இனங்களைத் தரம் பார்க்க 1 முதல் 9 வரை கண்ணாலேயே புள்ளி போடுவார்கள், 6ம் அதற்கு மேலும் என்றால் பரவாயில்லை. அதையே எடுத்தோம். முதல் தடவை ஒவ்வொரு குழுவும் தான் நட்ட கட்டத்துக்கு 9 போட்டது. “நம்ம கட்டம் மிஸ், எப்படி அஞ்சு போடுறது?” நியாயம்தானே. ஆனால் என் மாணவர்களும் அதைத்தான் செய்தார்கள், கொஞ்சம் நாசூக்காக, 7, 8 என்று. அடுத்த தடவை ஆட்களை மாற்றி, எந்தக் கட்டம் எந்த முறை என்று தெரியாத பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளைப் போட வைத்தோம். கூடவே போனை ஒரே உயரத்தில் பிடித்துப் படம் எடுத்து, படத்தில் எத்தனை வீதம் பச்சை என்று எண்ணுகிற முறை. தண்ணீர் இறங்குவதற்கு அடியும் மூடியும் வெட்டிய மைலோ டின்: இரண்டு அங்குலம் மண்ணுக்குள் அடித்து, ஒரு கப் தண்ணீர் ஊற்றி, நேரம் பார்ப்பது. முதல் முறைக் கட்டத்தில் அரை மணித்தியாலம் கழித்தும் டின்னுக்குள் முகம் பார்க்கலாம். மூன்றாவதில் ஐந்து நிமிடத்துக்குள் இறங்கிவிட்டது.

2024 சித்திரையில் நட்டது. புல் தரையை மூட நான்கு மாதம் பிடித்தது. கீழ்நாட்டுக் கணக்கைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு ஆறு கிழமை என்று அதிபரிடம் சொல்லியிருந்தேன், அதுவும் என் தவறு, இந்தக் குளிரில் எல்லாமே மெதுவாகத்தான். உண்மையான பரீட்சை 2025 தையும் மாசியும். முதல் முறைக் கட்டங்களில் மண்தான் மிச்சம். இரண்டாவதில் குத்திய துளைக்கு மேலெல்லாம் பச்சை, நடுவில் காய்ந்து, புள்ளி போட்ட சேலை மாதிரி. மூன்றாவது நின்றது. தோண்டிப் பார்த்தால் வேர் ஐந்து அங்குலத்துக்குக் கீழே. அருகு ஆடி, ஆவணி மூடுபனியில் வெளிச்சம் போதாமல் ஐதாகப் போனது, மலேசியன் தாங்கியது. பிள்ளைகள் அதிகம் ஓடுகிற நடுப்பகுதியில் அது தலைகீழ், அருகு மட்டும் மிதியைத் தாங்கியது. ஃபுட்போல் கோல் கம்பத்துக்கு முன்னால் இரண்டும் தாங்கவில்லை. அங்கே எந்தப் புல்லும் தாங்காது, கோலைத்தான் மாற்றி மாற்றி நட்ட வேண்டும்.

மக்களிடம் கொண்டுபோன கதை கொஞ்சம் வெட்கக்கேடு. ‘புல்தரை முகாமைத்துவம்’ என்று தலைப்புப் போட்டு ஒரு துண்டுப்பிரசுரம் அடித்துக்கொண்டு கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டார்கள். பிறகு முன்வரிசை அம்மா ஒருவர், “நாங்க பொழுது விடிஞ்சா புல்லு புடுங்கத்தான் பாப்பா போறோம். நீங்க புல்லு நடச் சொல்றீங்க” என்றார். மண்டபமே சிரித்தது. புல் என்றால் அங்கே எதிரி. தேயிலையை மாற்றி நடும் மலையில் மண்ணைத் தேற்றப் போடுகிற மானாவும் குவாத்தமாலாவும் மட்டும்தான் மரியாதையுள்ள புல்.

அடுத்த கூட்டத்துக்குப் பிரசுரம் கொண்டுபோகவில்லை. அடி வெட்டிய இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் கவிழ்த்துக் கொண்டுபோனோம். ஒன்றில் மணல், மேலே வயல் மண். மற்றதில் எரு கலந்து கொத்திய மண் மட்டும். இரண்டிலும் ஒரே அளவு சாயத் தண்ணீர், பிளேன்டீதான். முதலாவதில் கோடு வந்த இடத்தில் நிறம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். “ஏன் எறங்க மாட்டேங்குது?” என்று முதலில் கேட்டது அதே அம்மா. அங்கிருந்துதான் உண்மையில் கூட்டம் தொடங்கியது. தன் லயத்துக்கு முன்னால் கொட்டிய மண்ணில் மரக்கறி ஏன் நிற்கவில்லை என்று அவர் கேட்டார், அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான். அன்றைக்கு மைதானத்தைவிட மரக்கறிப் பாத்தியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

வெட்டுவதில் இன்னும் சண்டை. மைதானத்துக்கென்று மெஷின் இல்லை, தோட்டத்து புல்வெட்டி மெஷின் போட்டிக்கு முந்தின நாள்தான் கிடைக்கும், அப்போது மொட்டை அடித்துவிடுவார்கள். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்று சொல்லிப் பார்த்தாயிற்று. வெட்டிய புல்லை மைதானத்திலேயே விட்டால் புல்லுக்குத் தேவையான நைதரசனில் கால்வாசி வரை அதுவே திருப்பிக் கொடுக்கும், ஆனால் மாடு வைத்திருப்பவர்கள் சாக்கோடு காத்திருக்கிறார்கள். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஒரு சாக்குப் புல்லுக்கு ஒரு கூடை சாணம் என்று அதிபர் ஒரு ஒப்பந்தம் பேசியிருக்கிறார், சில பேர் கொடுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் மாறியது, வெளிக்களப் பாடத்தின் முதல் நாள். முன்பெல்லாம் இலையில் தொடங்குவோம்: இனம், நிறம், நோய். இப்போது மம்பட்டியைக் கொடுத்து ஒரு அடி தோண்டச் சொல்கிறோம், சுவரை வரைந்து காட்டிய பிறகுதான் புல்லின் பெயரையே கேட்போம். கோல்ஃப் புல்லை வைத்துப் பாடம் நடத்துவதில் தப்பில்லை, அறிவு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் பன்னிரண்டு அங்குலம் மணல் போடக் காசுள்ளவனுக்கு எழுதிய பாடத்திலிருந்து இரண்டு அங்குலத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பாதி மருந்து குடித்த மாதிரி.

ஏக்கரில் பாதியை 2025 வைகாசிக்கு முன் சிரமதானத்தில் முடித்தோம். மற்றப் பாதி, கிரவலியா மர நிழல் விழுகிற பக்கம், இன்னும் பழைய மூன்று நிறத்தோடுதான் கிடக்கிறது. மரத்தை வெட்டத் தோட்டம் விடாது, நிழலில் அருகு நிற்காது. அங்கே கழுவிய மலேசியன் மட்டும் நட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். கரப்பந்துக் கம்பத்தை அந்தப் பக்கம் மாற்றியாயிற்று. பழைய குழிக்கு மேல் ஒரு தகரம் போட்டுக் கல் வைத்திருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதைத்தான் முதலில் திறந்து காட்டுகிறார்கள், “மிஸ் போடச் சொன்ன மணல்” என்று.